ரோட்டுக்கு ஒரு பாலிசி, டிராக்குக்கு ஒரு பாலிசி

இன்சூரன்ஸ் பத்தி ஒரு பதிவான்னு கொட்டாவி விடறவங்க கடைசிப் பத்திகளுக்கு ஓடிடலாம். அங்க கொஞ்சம் சண்டை சச்சரவெல்லாம் இருக்கு. மத்தவங்க வாங்க, மேட்டருக்குப் போவோம்.

இங்கிலாந்துக்குப் பொட்டி தட்ட வந்தவன் ஒரு பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கினான்னா அதுக்கு ரெண்டு காரணம்தான். ஒண்ணு, வருஷத்துல பத்து நாள் அடிக்கிற வெயில்ல கூரையைத் திறந்துட்டுப் போறது. இன்னொண்ணு டிராக் டே. என் வீட்டிலிருந்து பிராண்ட்ஸ் ஹேட்ச் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஃபார்முலா 1 ஓடின அதே இடத்தில், காசு கட்டினால் நம்ம வண்டியையும் ஓட்ட விடுவார்கள். ஹெல்மெட் போடணும், காலையில் நடக்கும் வகுப்பில் உட்காரணும், சைலன்சர் சத்தத்தை மீட்டர் வெச்சு அளப்பாங்க. முன்னால போறவர் கை காட்டாம முந்தக் கூடாது. முக்கியமா, ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு அளக்கவே கூடாது. ஸ்டாப்வாட்ச் எடுத்தா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

நேரம் அளந்தா அது போட்டி. போட்டி என்று ஆகிவிட்டால் ஏற்பாட்டாளரின் இன்சூரன்ஸ், நம் இன்சூரன்ஸ் எல்லாமே வேறு கணக்கு. அதனால்தான் இவ்வளவு கெடுபிடி. ஆக மொத்தம், டிராக் டே என்பது ரேஸ் இல்லை. ஆனா ரோடும் இல்லை. நடுவில் தொங்கும் திரிசங்கு சொர்க்கம்.

நம்ம ரோடு பாலிசி இந்த திரிசங்குவை எப்படிப் பார்க்குது? ஃபுல்லி காம்ப்ரிஹென்சிவ் என்று பெருமையாகப் பேர் வைத்திருப்பார்கள். நாற்பது பக்கப் புத்தகத்தில் "நாங்கள் தராதவை" என்ற தலைப்பைத் தேடிப் பிடியுங்கள். ரேஸ், பேஸ்மேக்கிங், ராலி, வேகப் பரிசோதனை, டிராக் டே என்று வரிசையாக இருக்கும். ஊருக்குப் போனப்ப அப்பாவோட மாருதி பாலிசியை எடுத்துப் பார்த்தேன். 2002 இந்திய மோட்டார் டாரிஃப் வகுத்துக் கொடுத்த வாசகத்திலும் அதே பாட்டுதான்: ஒழுங்கு செய்யப்பட்ட ரேஸ், பேஸ்மேக்கிங், வேகப் பரிசோதனை, ரிலையபிலிட்டி டிரையல். அப்பா அதிகபட்சம் அறுபதுல போறவர். பேஸ்மேக்கிங்னா அடுத்தவங்களுக்கு வேகம் காட்டறதுக்காக முன்னால ஓட்டறது. அப்பா யாருக்கு வேகம் காட்டப் போறார்! இருங்காட்டுக்கோட்டையில் சொந்தக் காரை ஓட்ட நினைக்கும் சென்னை மக்களுக்கும் இதே விதிவிலக்குதான், ஞாபகம் வெச்சுக்கோங்க.

சில கிளப் சார்ந்த பாலிசிகளில் வருடத்துக்கு ரெண்டு மூணு டிராக் டே சேர்த்துத் தருவார்கள். மத்தபடி இங்கே வழக்கம், அந்த ஒரு நாளுக்கு மட்டும் தனியா பாலிசி எடுக்கிறது. எந்த டிராக், எந்தத் தேதி, வண்டி மதிப்பு என்ன, எத்தனை தடவை டிராக் டே போன அனுபவம் உண்டு, இதெல்லாம் கேட்பார்கள். போன தடவை என் வண்டிக்கு 6000 பவுண்டு மதிப்பு போட்டேன், எழுபது சொச்சம் பவுண்டு ஆச்சு. எக்ஸஸ், அதாவது நம்ம கையைவிட்டுப் போறது, 10 சதவீதம். 600 பவுண்டு. ஒரு பம்பரும் விளக்கும் உடைஞ்சா அந்தக் கணக்குலயே முடிஞ்சிடும். பெரிய அடிக்குத்தான் இது உதவும்.

எதுக்கு உதவாது? என்ஜின் தானா வாயைப் பிளந்தா தர மாட்டாங்க. கிளட்ச், டயர் தேய்மானம் எல்லாம் நம்ம பாடு. பேட்டரி தீர்ந்து நின்னா கூப்பிடுற பிரேக்டவுன் சேவையும், டிராக்குக்குள்ளன்னா பெரும்பாலும் கையை விரிச்சிடும். பிரேக் பேட், ரோல் பார், டயர் என்று மாற்றி வைத்தால் அதை ரோடு பாலிசிக்காரனிடமும் சொல்லியாகணும். டிராக்குக்காக மாட்டின ரோல் பார், மறுநாள் ஆபீஸ் போகும்போதும் வண்டியிலேயேதானே இருக்கு? இதைச் சொல்லாம விடறவங்கதான் ரொம்பப் பேர்னு நினைக்கிறேன்.

அப்புறம் இன்னொருத்தன் வந்து இடிச்சா? இங்கதான் எல்லாரும் ஏமாறுவாங்க. ரோட்டில் பின்னால் வந்து இடித்தவனின் இன்சூரன்ஸ் நமக்குப் பணம் தரும். டிராக்கில் அவனவன் சேதம் அவனவனுக்கு என்று காலையிலேயே எல்லாரும் கையெழுத்துப் போட்டிருப்போம். அவன் வண்டியிலிருந்து எண்ணெய் ஒழுகி நாம் வழுக்கினாலும் அப்படித்தான். பிரிட்டனில் 1988 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி ரோட்டுக்கும் பொது இடத்துக்கும்தான் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். மூடின டிராக் ரெண்டுமே இல்லை. ஆனா ஏற்பாட்டாளர், தன் கவனக்குறைவால் யாருக்காவது உயிரோ உடம்போ சேதமானா நான் பொறுப்பில்லைன்னு எழுதி வாங்கித் தப்பிக்க முடியாது. 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் அதை ஒத்துக்கொள்வதில்லை.

இதுல ஒரு டிராக்டர் கதை இருக்கு, சொல்லாம போக மனசு வரல. 2007 ஆகஸ்டில் ஸ்லொவேனியாவில் ஒரு பண்ணை. களஞ்சிய மாடியில் வைக்கோல் அடுக்கிட்டு இருக்காங்க. டிராக்டரை ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் இருந்த டிரெய்லர், ஏணியில் மோதுது. ஏணியில் நின்னவர் விழுந்துட்டார், பேரு வ்னுக். அவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட, அது ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2014 செப்டம்பரில் தீர்ப்பு: வண்டியை அதன் வழக்கமான வேலைக்குப் பயன்படுத்தினால், அது தனியார் இடமானாலும் கட்டாய இன்சூரன்ஸ் செல்லும். வைக்கோல் அடுக்கினவருக்கு நியாயம் கிடைச்சதுல சந்தோஷம்தான். ஆனா அதே தர்க்கத்தை நீட்டினா, ரேஸ் டிராக்கில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் பாலிசி வேணும். அதை எழுதித் தர எந்தக் கம்பெனியும் முன்வராது என்று இங்கே மோட்டார் ஸ்போர்ட் உலகமே அலறியது. டிராக்கெல்லாம் மூடிடுவாங்களோன்னு பேடாக்கில் டீ குடிக்கும்போதெல்லாம் இதே பேச்சு. 2021 ல பிரிட்டிஷ் அரசு சொன்ன கணக்கு: இதை அமல்படுத்தினால் மோட்டார் ஸ்போர்ட் துறைக்கு மட்டும் 45.8 கோடி பவுண்டு செலவு, சாதாரண ஓட்டுநருக்கு வருஷம் 50 பவுண்டு கூடுதல். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு 2022 ல தனிச் சட்டம் போட்டு அந்தத் தீர்ப்பைக் கழட்டி விட்டார்கள். ஐரோப்பிய யூனியனும் 2021 ல விதியைத் திருத்தி, தனக்கென்று வேறு காப்பீடு உள்ள மோட்டார் ஸ்போர்ட் நிகழ்ச்சிகளை விலக்கிவிட்டது. ஒரு ஏணி, எவ்வளவு தூரம் சாய்ஞ்சிருக்கு பாருங்க!

ஜெர்மனி நூர்பர்க்ரிங் இன்னும் விநோதம். 20.8 கிலோமீட்டர் நார்ட்ஷ்லைஃபெ, பொதுமக்களுக்குத் திறக்கும் நேரத்தில் சட்டப்படி ஒருவழி டோல் ரோடு. ரோடுன்னா பாலிசி செல்லும்தானேன்னு நாம புத்திசாலித்தனமா யோசிப்போம்னு கம்பெனிக்காரனுக்குத் தெரியும். அதனால பல பிரிட்டிஷ் பாலிசிகள் நூர்பர்க்ரிங்னு பேர் போட்டே, நம்ம வண்டி சேதத்தை விலக்கி வெச்சிருக்கு.

சரி, சண்டைக்கு வருவோம்.

2017 அக்டோபர். எங்க கூட்டத்தில் ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி. ஆறு வருஷம் சேர்த்து வெச்ச காசுல 18,000 பவுண்டுக்கு ஒரு லோட்டஸ் எலீஸ் வாங்கியிருந்தார். டொயோட்டா என்ஜின், கண்ணாடி இழை உடம்பு. அன்னிக்கு மழை விட்டு ரோடு பாதி ஈரம். கிளியர்வேஸ் வளைவுல பாதியில ஆக்சிலேட்டரை விட்டுட்டார். என்ஜின் பின்னால இருக்கிற வண்டில அப்படி விட்டா வாலு முன்னால வர ஆசைப்படும். வந்துச்சு. பின்பக்கமா போய் சுவத்துல சாத்துச்சு. அவருக்கு ஒரு கீறல் இல்லை. எலீஸின் பின்பக்கம் முழுசும் ஒரே வார்ப்பு, கிளாம்ஷெல்னு பேரு. ஓரத்துல உடைஞ்சாலும் பெரும்பாலும் முழுசா மாத்தறதுதான். சஸ்பென்ஷன் கையும் வளைஞ்சு போச்சு. மெக்கானிக் போட்ட கணக்கு 9,500 பவுண்டு. ஒரு நாள் பாலிசி நூத்தி சொச்சத்துக்குக் கிடைச்சிருக்கும், எக்ஸஸ் 1,800 போக மீதி வந்திருக்கும். அவர் எடுக்கல. ஃபுல்லி காம்ப் இருக்கேன்னுட்டார்.

மூணாம் நாள் ராத்திரி வீட்டுக்கு வந்தார். காபி ஆறிப்போற வரைக்கும் எதுவும் பேசல. அப்புறம், "தம்பி, வீட்டுப் பக்கத்துல அந்தக் காட்டு ரோடு இருக்குல்லா, அங்க இலை மேல வழுக்கி மரத்துல சாத்திட்டுன்னு சொன்னா என்னடே? நீ பின்னால வந்தே. நீ பாத்தேன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடு, போதும்" என்றார். முடியாது அண்ணாச்சி என்றேன். "என் வண்டிக்குத் தானடே, எவன் குடிய கெடுக்கேன்?" என்றார். நான் நீதி போதனை பண்ணல. அன்னிக்கு டிராக்ல போட்டோகிராஃபர் உங்க வண்டிய எடுத்து விக்கிறதுக்குப் போட்டிருக்கான், சுவர்ல உங்க பெயிண்ட் இருக்கு, காலையில கையெழுத்துப் போட்ட தாள் இருக்கு என்றேன். லண்டன் சிட்டி போலீஸில் இன்சூரன்ஸ் மோசடிக்கென்றே 2012 லேர்ந்து தனிப் பிரிவு இருக்குன்னும் சொன்னேன். அடுத்த மார்ச்ல அவர் நிரந்தரக் குடியுரிமை விண்ணப்பம் போடணும். குற்ற வழக்கு உண்டா என்று அதில் ஒரு கேள்வி. ரெண்டு பிள்ளைங்க இங்க பள்ளிக்கூடம் போகுதுங்க. 9,500 பவுண்டுக்கு இதையெல்லாம் வெச்சு ஆடப் போறீங்களான்னு கேட்டேன். காபியை அப்படியே வெச்சுட்டுக் கிளம்பிட்டார்.

ஆறு வாரம் பேச்சில்லை. தீபாவளிக்குப் போன் பண்ணேன், எடுக்கல. தங்கமணிக்கு என் மேலயே கோபம், இத்தனை வருஷ பழக்கத்தை இப்படிப் பட்டுனு வெட்டலாமான்னு. கடைசியில் மதினிதான் போன் பண்ணாங்க. "அவுக வண்டிய அப்படியே வித்துட்டாக தம்பி, எட்டாயிரத்துக்கு. ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க." போனோம். அண்ணாச்சி வண்டியைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. மீன் குழம்பு மட்டும் இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொன்னார், எனக்கு.

அடுத்த கார் பாலிசி எடுக்கும்போது, படிவத்துல கடந்த ஐந்து வருஷத்தில் விபத்து ஏதாவது, யார் தப்பானாலும், கிளைம் பண்ணாட்டியும் சொல்லு என்று கேட்டிருந்தது. 2012 நுகர்வோர் காப்பீட்டுச் சட்டப்படி கேட்ட கேள்விக்குக் கவனமாக, உண்மையாகப் பதில் சொல்வது நம் கடமை. டிராக்ல நடந்ததும் விபத்துதான். எனக்குப் போன் போட்டு, "இத எப்படிடே எழுத?" என்றார். நடந்ததை எழுதுங்க என்றேன். எழுதினார். பிரீமியம் கொஞ்சம் ஏறிச்சு. திட்டினார், கம்பெனியை இல்லை, என்னை :-)

நிரந்தரக் குடியுரிமை 2018 ல வந்துடுச்சு. இப்ப ஒரு எம்எக்ஸ்-5 வெச்சிருக்கார், என்னுதை விடப் பழசு.

டிஸ்கி: தங்கமணி இதைப் படிச்சுட்டு, "வண்டிக்கு எல்லாம் சரி, உங்களுக்கு?" என்று கேட்டாங்க. என் ஆயுள் காப்பீட்டுப் படிவத்தில் ஆபத்தான பொழுதுபோக்கு உண்டா என்ற கேள்விக்கு நான் டிராக் டேயை எழுதியிருக்கேன். நகலை எடுத்துக் காட்டினேன். பிரீமியம் எவ்வளவுன்னு பார்த்துட்டு, இதுக்கு வண்டியையே வித்துடலாமேன்னாங்க. அவ்வ்வ்வ்...