195 பங்கும் இரண்டு பவுனும்

திண்டிவனம் மேம்பாலத்தடியில் பஸ் ஏறினால், விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் கூட்டம் இல்லாத நாளில் முக்கால் மணி நேரத்தில் விழுப்புரம். 2021 ஜூலையில் அந்தப் பயணத்தில்தான் தம்பி, அக்காவின் போனை வாங்கி அவர் பெயரில் டீமேட் கணக்குக்கு விண்ணப்பித்தார். ஆதார் எண், பான் கார்டு, முகக்கவசத்தை இறக்கிவிட்டு ஒரு செல்ஃபி. கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

அக்கா விழுப்புரத்தில் பள்ளி ஆசிரியை. தம்பி திண்டிவனத்தில் ஜெராக்ஸ், ரீசார்ஜ் கடை வைத்திருப்பவர். ஊரடங்கில் கடை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது, போனில் பங்குச்சந்தையைப் பார்க்கப் பழகியிருந்தார்.

"சொமேட்டோ ஐபிஓ வருதுக்கா. நீ ஒண்ணு போடு, நான் ஒண்ணு போடறேன். யாருக்கு விழுதோ பாப்போம்."

"அந்த ஆப்ல நான் ஒரு இட்லிகூட வாங்கினதில்லையேடா."

"வாங்கினாத்தான் பங்கு வாங்கணும்னு சட்டமா?"

சொமேட்டோ ஒரு பங்கை 76 ரூபாய்க்கு விற்றது. சிறு முதலீட்டாளருக்கு ஒரு லாட் 195 பங்கு, அதாவது 14,820 ரூபாய். முந்தைய நிதியாண்டில் அந்த நிறுவனத்தின் நஷ்டம் 800 கோடிக்கு மேல். லாபம் காட்டாத நிறுவனம் என்பதால், சிறு முதலீட்டாளர்களுக்கு மொத்தத்தில் 10 சதவிகிதம்தான் ஒதுக்கியிருந்தார்கள். நஷ்டத்தைத் தாங்கத் தெம்புள்ளவர்கள் அதிகம் வாங்கட்டும், சின்னவர்கள் குறைவாக வாங்கட்டும் என்று நினைத்துப் போட்ட விதி அது. ஆனால், 'கொஞ்சம்தான் இருக்கு' என்று சொன்னால் நம் ஊரில் வரிசை நீளத்தானே செய்யும்! சின்னவர்களுக்கு வைத்த பங்கைப்போல ஏழு மடங்குக்கு மேல் விண்ணப்பம் குவிந்தது. குலுக்கலில் அக்காவுக்கு விழுந்தது. ஆசையோடு போட்ட தம்பிக்கு விழவில்லை.

ஜூலை 23 அன்று 115 ரூபாயில் பங்கு சந்தைக்கு வந்தது. 'இப்பவே வித்தா ஏழாயிரத்துச் சொச்சம் லாபம்' என்று தம்பி மெசேஜ் அனுப்பியபோது அக்கா ஆன்லைன் வகுப்பில் இருந்தார். மாலையில் பார்த்துவிட்டு, 'இருக்கட்டும்டா' என்று பதில் போட்டார். அதற்குப் பின்னால் எந்தக் கணக்கும் இல்லை. முடிந்துபோன ஒரு சீட்டுப் பணம் அது. எதற்கென்று இன்னும் முடிவு செய்யாத பணம்.

நவம்பரில் அதே பங்கு 169 ரூபாயைத் தொட்டது. தம்பியால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. குலுக்கலில் தவறியதை எப்படியாவது சரிக்கட்ட வேண்டும் என்றிருந்தது. மனைவிக்கு அவர் பிறந்த வீட்டில் போட்ட இரண்டு பவுன் செயின் பீரோவில் இருந்தது. அதைச் சொல்லாமல் எடுத்துப்போய் அடகு வைத்தார். பவுன் அப்போது 36,000 ரூபாய்க்கு மேல். கிடைத்த 50,000-ல் 160 ரூபாய் விலையில் 310 பங்குகள் வாங்கினார். 'தைக்குள்ள மீட்டுடலாம்' என்று அக்காவிடம் மட்டும் சொன்னார். அக்கா திட்டினார். ஆனால், தம்பி மனைவியிடம் சொல்லவில்லை. அந்த மௌனத்தில் தனக்கும் பங்கு உண்டு என்று அவர் பின்னாளில் ஒப்புக்கொண்டதுண்டு.

தை வந்தது, விலை சரிந்தது. வட்டி உயரப் போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் நஷ்டத்தில் ஓடும் இணைய நிறுவனங்களை உலகம் முழுக்க விற்கத் தொடங்கினார்கள். 2022 ஜூனில் பிளிங்கிட்டை வாங்கப் போவதாகச் சொமேட்டோ அறிவித்தது. அதுவும் நஷ்டத்தில் ஓடும் நிறுவனம்தான் என்பதால் பங்கு இன்னும் இறங்கியது. ஜூலை மாதம் இன்னொரு இடி. ஐபிஓவுக்கு முன்பே பங்கு வைத்திருந்தவர்கள் ஒரு வருடத்துக்கு விற்கக் கூடாது என்றிருந்த பூட்டு திறந்தது. 613 கோடிப் பங்குகள், மொத்தத்தில் 78 சதவிகிதம், ஒரே நாளில் விற்பனைக்குத் தகுதி பெற்றன. ஜூலை 25 திங்கட்கிழமை விலை 46 வரை போனது. இரண்டு நாளில் 40 ரூபாய்ச் சொச்சம்.

தம்பி 26-ம் தேதி 44 ரூபாய்க்கு எல்லாவற்றையும் விற்றார். கைக்கு வந்தது 13,640. அதைக் கொண்டுபோய் நகைக்கடனில் கட்டினார். மீதி 36,360 கடனாகவே நின்றது.

முட்டாள்தனம் என்று இன்றைக்குச் சொல்வது சுலபம். அடுத்த வாரமே ஊபர் நிறுவனம் தன்னிடமிருந்த 7.8 சதவிகிதப் பங்கை 50 ரூபாயை ஒட்டிய விலையில் விற்றுவிட்டு வெளியேறியது. 'அவ்வளவு பெரிய கம்பெனிக்கே தெரியலையேக்கா' என்பது தம்பிக்கு ரொம்ப நாள் ஆறுதலாக இருந்தது. அது உண்மையும்கூட. ஆனால், ஊபர் மனைவியின் செயினை அடகு வைத்து வாங்கவில்லை. தம்பி தினமும் பார்த்தது பங்கு விலையை மட்டுமல்ல. நவம்பரில் முடியும் கடன் தவணையையும்தான். அந்தத் தேதி நெருங்க நெருங்க, நாளைக்கு ஏறும் என்று தெரிந்திருந்தாலும் அவரால் காத்திருந்திருக்க முடியாது.

அக்காவின் 14,820 அப்போது 8,000-க்கும் கீழே. பள்ளி ஓய்வறையில் 'என்ன டீச்சர், பிரியாணி ஆறிப்போச்சா?' என்று கிண்டல் செய்தார்கள். அவர் விற்காததைத் துணிச்சல் என்று சொல்வதற்கில்லை. அந்தப் பணத்தை எதிர்பார்த்து வீட்டில் எதுவும் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

இதை அவர் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறார். அப்பா மரக்காணம் பக்கம் கொஞ்சம் நிலத்தில் சவுக்கு போட்டிருந்தார். சவுக்கு வெட்டுக்கு வர நாலைந்து வருடம் ஆகும். மீதி நிலத்தில் மல்லாட்டை. வீட்டுச் செலவு மல்லாட்டையில் ஓடும். சவுக்கு பாட்டுக்கு நிற்கும். ஒரு வருடம் மழை பொய்த்து மல்லாட்டை போனபோது, சவுக்கை மூன்றாம் வருடமே வெட்ட வேண்டி வந்தது. பென்சில்போல இருந்த மரத்தை லாரியில் ஏற்றும்போது அப்பா அந்தப் பக்கமே வரவில்லை.

அக்காவின் பொறுமைக்கும் ஒரு கதை உண்டு. அதை யாரும் கேட்பதில்லை. 2021 நவம்பரில் அவர் பேடிஎம் ஐபிஓவிலும் ஆறு பங்கு வாங்கியிருந்தார். ஒன்று 2,150 ரூபாய், மொத்தம் 12,900. முதல் நாளே 27 சதவிகிதம் சரிந்தது. அதையும் 'இருக்கட்டும்' என்றுதான் விட்டார். 2024 ஜனவரி 31 அன்று பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கிக்கு ரிசர்வ் வங்கி கடும் கட்டுப்பாடுகள் விதித்தது. மே மாதம் பங்கு 310 வரை இறங்கியது. ஆறு பங்கும் சேர்த்து 1,860 ரூபாய். அதே ஆள், அதே கணக்கு, அதே பொறுமை!

பழைய கதைகளையும் இப்படி இரண்டாகத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. 1999 இறுதியில் 100 டாலரைத் தாண்டியிருந்த அமேசான் பங்கு, 2001-ல் 6 டாலருக்குக் கீழே வந்தது. பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் பணக்காரர்கள் ஆனார்கள் என்று யூடியூபில் தினமும் ஒருவர் சொல்கிறார். செல்லப் பிராணிகளுக்கான பொருள்களை இணையத்தில் விற்ற பெட்ஸ் டாட் காம் 2000 பிப்ரவரியில் பங்கு வெளியிட்டு, அதே நவம்பரில் கடையை மூடியது. அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் வீடியோ போடுவதில்லை.

சொமேட்டோ பிழைத்தது. 2023 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் முதன்முறையாக லாபம் காட்டியது. வெறும் 2 கோடிதான். அதற்குள் விலை 80-ஐத் தாண்டி ஏறத் தொடங்கியிருந்தது. எல்லோரும் நஷ்டக் குழி என்ற பிளிங்கிட்தான் பிறகு பங்கைத் தூக்கிக்கொண்டு போனது. தம்பி ஒவ்வொரு முறையும், 'இப்ப இருந்தா 310-க்கு எவ்ளோ தெரியுமா?' என்று கணக்குப் போட்டு அனுப்புவார். அக்கா பதில் போட மாட்டார். வருடா வருடம் வட்டி கட்டி நகைக்கடனைப் புதுப்பிப்பது மட்டும் நடந்துகொண்டிருந்தது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை ஒட்டிய மழை. விழுப்புரம் புதிய பேருந்து நிலையம் குளமாகிவிட்டது. விக்கிரவாண்டி–முண்டியம்பாக்கம் இடையே பாலத்தில் வெள்ளம் ஏறியதால் ரயில்கள் நின்றன. திண்டிவனத்தில் தம்பி கடைக்குள் முழங்கால் தண்ணீர். ஜெராக்ஸ் மெஷின் போயிற்று.

தண்ணீர் வடிந்த அன்று, சேறு அள்ளிக்கொண்டே மனைவி சொன்னார்: "என் செயின் சும்மாதானே இருக்கு. அதை வச்சு மெஷினைப் பாருங்க."

தம்பி எதுவும் பேசாமல் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அக்காவுக்கு போன் செய்தார். அவர் அழுது அக்கா கேட்டது, அம்மா இறந்தபோதுதான்.

அந்த வாரம் பங்கு 280-ஐத் தாண்டி நின்றது. அக்கா 195-ல் 130 பங்குகளை விற்றார். 36,000 சொச்சம். மறுநாள் பணம் வந்தது. நீண்டகால லாபம் வருடத்துக்கு 1.25 லட்சம் வரை வரியில்லை என்பதால் வரியும் இல்லை. இரண்டு நாள் கழித்து விலை 300-ஐத் தாண்டியபோது அதைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை.

வங்கிக்கு மூன்று பேரும் போனார்கள். அந்த வருட வட்டியைத் தம்பி போட்டார். பவுன் விலை அப்போது 57,000-ஐ ஒட்டி. பங்கு வாங்குவதற்காக அடகு வைத்த தங்கம், மூன்று வருடம் வங்கிப் பெட்டிக்குள் சும்மா இருந்தே ஒன்றரை மடங்கு ஆகியிருந்தது. கவரைப் பிரித்துச் செயினை எடுத்த மனைவி, அங்கேயே கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"நீங்களும்தானே சொல்லலை, அண்ணி" என்றார், வெளியே வந்ததும்.

"ஆமாம்மா. சொல்லியிருக்கணும்" என்றார் அக்கா.

பத்து நாள் கழித்து அதே செயின் அதே வங்கிக்குப் போனது, 30,000 ரூபாய்க்கு. இந்த முறை கையெழுத்து மனைவியுடையது. பழைய ஜெராக்ஸ் மெஷின் ஒன்று கடைக்கு வந்தது.

2025 மார்ச்சில் தம்பி போன் செய்தார். "கம்பெனி பேரே மாறிடுச்சுக்கா. எட்டர்னலாம். விலை எறங்கிடுச்சு. 200 பக்கத்துல ஆடுது."

"என்னோடது இருக்குல்ல?"

"அறுபத்தஞ்சு இருக்கு."

"செயின்?"

"இன்னும் ரெண்டு தவணைக்கா."

"அதைக் கட்டிட்டுக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு அக்கா வகுப்புக்குப் போனார்.