உயிலங்குளத்தில் இரண்டு கமராக்கள்

மன்னாரிலிருந்து மதவாச்சிக்குச் செல்லும் பெருவீதியில், கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்வெளிகளை அடுத்துள்ள உயிலங்குளத்தில், உயர்ரகக் கமராக்கள் இரண்டை வைத்துக்கொண்டு முகப்படம் எடுக்கும் ஒருவர் இருக்கிறார் என்று நண்பர் சொன்னபோது, அத்தகைய யந்திரங்களால் அச்சிற்றூருக்கு என்ன பிரயோஜனம் என்றறியும் ஆவலே என்னை அங்கு கொண்டுபோயிற்று.

தேவாலயத்தில் பிள்ளைகள் பெறும் முதல் நன்மை, சாமத்தியவீடு, கலியாணம், செத்தவீடு ஆகிய நான்கினாலும் சீவனம் நடத்துபவர் அவர். கெனன் 5டி மார்க் 4 கொழும்பில் பழையதாக வாங்கியது. நிக்கோன் டி850 கனடாவிலுள்ள தம்பி கொடுத்தனுப்பியது. முன்னது 2016-லும் பின்னது 2017-லும் வெளிவந்தவை. ஒளியை ஏற்கும் தகடு இரண்டிலும் பழைய 35 மி.மீ. பிலிம் சட்டத்தின் அளவே எனினும், கெனன் அதை 30.4 மெகாபிக்சலாகவும் நிக்கோன் 45.7 மெகாபிக்சலாகவும் பகுக்கின்றன. சுவரில் மாட்டும் 12-க்கு 18 அங்குலப் படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டாலும் 20 மெகாபிக்சல் போதும். ஆயின் மிச்சம் வீண் என்று சொல்லிவிடவும் முடியாது. ஏனெனில், தனிப்படம் ஒன்றுகூட எடுத்துக்கொள்ளாமலே கண்ணை மூடிவிட்ட அப்புவுக்காக, கலியாணக் கூட்டப்படத்தின் மூலையில் நின்ற அவர் முகத்தை விரலால் தொட்டுக் காட்டி, இதைப் பெரிதாக்கித் தாருங்கோ என்று செத்தவீட்டார் வந்து நிற்கும்போது, அந்த மிச்சமே கைகொடுக்கிறது.

நிக்கோனுக்கு இன்னொரு மேன்மையும் உண்டு. 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.4 அளவுக்கு முழுவதும் திறந்து, பின்னால் உள்ள வயல் பசும்புகைபோல் கரையும்படி நடுவெயிலில் எடுக்க முற்பட்டால், வினாடியில் 8000-இல் ஒரு பங்கு என்னும் உச்ச வேகத்திலும், ஐ.எஸ்.ஓ. 100-இல் தொடங்கும் கெனனில் நெற்றி வெளிறிவிடும்; 64-இல் தொடங்கும் நிக்கோன் மட்டுமட்டாகத் தப்பும்.

எண்களை வைத்துத் தீர்ப்பளித்தால் நிக்கோனே வெல்லும். ஆனால் ஆச்சி ஒருவர் படமெடுக்க வந்து அமர்ந்ததும் படக்காரர் எடுத்தது கெனனைத்தான். ஆச்சியோ கழுத்தை நிமிர்த்தி, உதட்டை இறுக்கி, அடையாள அட்டைக்கு அமர்ந்தாற்போல் விறைத்திருந்தார்.

"இஞ்சத்தைச் சனம் படத்துக்கு இருந்து பழகினதே அடையாள அட்டைக்கும் பாசுக்கும்தான், ஐயா," என்றார் படக்காரர்.

அதற்குக் காரணமுண்டு. 2002-ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின், அரசுப் படையின் பகுதிக்கும் புலிகளின் பகுதிக்கும் இடையே சனங்கள் கடந்துசென்ற வழிகளுள் உயிலங்குளமும் ஒன்று. கறுப்பு வெள்ளைக் காலத்திலே ஒரு ஸ்ரூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்து, இருட்டறையிலே தொழில் கற்ற அவர், தம் இளமையில் எடுத்த முகங்களில் சிரித்த முகம் ஒன்றுகூட நினைவில்லை என்றார். கமராவின் பின்னே தம் முகம் மறைந்த கணமே எதிரிலிருப்பவர் விறைத்துவிடுகிறார் என்பது அவருடைய நீண்டகால அனுபவம். கெனனை முக்காலியில் நிறுத்தி, பின்திரையில் ஆச்சியின் கண்ணை விரலால் தொட்டால், தகட்டிலேயே அமைந்த குவிய முறை அக்கண்ணை உடனே பற்றிக்கொள்கிறது; அவர் நிமிர்ந்து, "ஆச்சி, இந்த முறை நெல்லு எப்பிடி?" என்று முகம் பார்த்துக் கேட்கலாம். நிக்கோனின் திரை சாய்க்கத்தக்கதாயினும், அத்திரை வழியே குவியம் தேடித் தேடி அலைகிறது. விரைவு வேண்டுமாயின் கண்ணைப் பார்வைத் துவாரத்தில் ஒட்டியே ஆகவேண்டும். நெல்லைக் குறித்த ஆச்சியின் மறுமொழி தரகரைத் திட்டுவதாக இருந்தது. முகம் தளர்ந்தது; படமும் விழுந்தது. முகப்படத்துக்கு எது உயர்ந்த கமரா என்பதில் அதன்பின் எனக்கு ஐயமில்லை.

தரகர் என்றதும், கெனனை வாங்கிய படக்காரருடைய கதையும் கிளம்பிற்று. கெனனின் ஷட்டர் ஒன்றரை இலட்சம் தடவையும் நிக்கோனின் ஷட்டர் இரண்டு இலட்சம் தடவையும் இயங்கும்படி சோதிக்கப்பட்டவை. கலியாணத்துக்கு இரண்டாயிரம் படம் என்று வைத்தால், முன்னதன் ஆயுள் எழுபத்தைந்து கலியாணம். ஷட்டர் எத்தனை தடவை இயங்கிற்று என்னும் கணக்கு நிக்கோனின் படக்கோப்பிலேயே பதிந்திருக்கும். கெனனில் அதைப் பார்க்கத் தனி மென்பொருள் வேண்டும். 2022-இல் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறி, புதுக் கமரா எட்டாக்கனியானபோது பழையதைத் தேடிப் போன இவரிடம், உழைத்துத் தேய்ந்த யந்திரத்தைத் துடைத்து மினுக்கி, 'கொஞ்சந்தான் பாவிச்சது' என்று தரகன் ஒருவன் கொடுத்துவிட்டான். ஒரு கலியாணத்தின் நடுவிலே ஷட்டர் நின்றது. படம் எடுக்காதவன், படத்தில் இல்லாதவன், வெயிலிலே நில்லாதவன் இலாபத்தைக் கொண்டுபோக, தாலி கட்டும் தருணத்தைத் தவறவிட்ட பழியை உழைப்பாளி சுமக்கிற இந்த வியாபாரத்துக்குத் தர்மம் என்ற சொல்லே தெரியாது. நகரத்திலிருந்து கலியாணத்தை மொத்தமாக ஏற்று, பாதிக் கூலிக்கு இவரை அனுப்பும் ஒப்பந்தக்காரரும் அதே இனந்தான்.

ஷட்டரை மாற்றிய நாள்முதல் ஒவ்வொரு வைபவத்திலும் எத்தனை படம் எடுத்தார் என்பதை ஒரு கொப்பியில் எழுதிவருகிறார். அடுத்து வந்த ஞாயிறன்று கோவிலில் முதல் நன்மை. பிள்ளைகளுக்குக் கெனன், கோவில் வாசலில் எடுக்கும் கூட்டப்படத்துக்கு நிக்கோன் என்று அதில் முன்கூட்டியே குறித்திருந்தார்.