முருகைக்கல்லுக்கு உயிர் உண்டு

புதன் இரவு, புல்மோட்டை

மகன் கட்டாரிலிருந்து லீவில் வந்து ஐந்து நாளாகிறது. இஷாவுக்குப் பிறகு முற்றத்தில் பாய் போட்டு இருந்தபோது போனை எடுத்து, போன வருடம் கூட்டாளிகளோடு வியட்நாம் போன படங்களைக் காட்டினான். ஹாலோங் குடா. பச்சைக் கடலுக்குள் இருந்து சுண்ணாம்புக்கல் மலைகள் தூண் தூணாக எழும்பி நிற்கின்றன. சிறிதும் பெரிதுமாக 1,600க்கு மேற்பட்ட தீவுகள். 1994இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. கப்பலிலேயே படுத்தெழும்பி மூன்று நாள் அந்தத் தீவுகளுக்கு நடுவே போய் வந்திருக்கிறார்கள்.

"வாப்பா, நம்மட கடலுல இப்பிடி ஒண்டுமில்லையே" என்றான். ஊரைக் குறைத்துச் சொல்லும் பிள்ளை இல்லை அவன். ஏக்கத்தில் சொன்னான்.

முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவன் நான். என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அது வாயால் சொல்லிப் புரிய வைக்கிற பதில் இல்லை. "நாலு நாள் எனக்குத் தா, காட்டுறன்" என்றேன்.

படகு வைத்திருக்கும் என் பழைய மாணவரோடு இரவே பேசிவிட்டேன். இது கச்சான் வீசும் காலம். பகல் ஏறக் காற்றும் ஏறும். "சேர், சுபஹு தொழுதிட்டு வெளிக்கிட்டா பத்து மணிக்குள்ள ஓடி முடிச்சிரலாம். பிறகு கரையில நிக்கலாம்" என்றார். திருகோணமலை இங்கிருந்து தரைவழியாக 55 கிலோமீற்றர் அளவில்தான். இஞ்சின் படகு ஒரு காலைக்குள் ஓடிவிடும் தூரம். அதற்கு நாங்கள் நாலு நாள் எடுக்கப்போகிறோம்.

வியாழன், குச்சவெளி

புறப்படுமுன் மகனைக் கடற்கரையில் குந்தச் சொல்லி ஒரு பிடி மணலை அள்ளி அவன் கையில் கொட்டினேன். கரியைப் பொடித்த மாதிரிக் கறுப்பு. கையில் வைத்ததும் பாரம் தெரியும், சாதாரண மணலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. இல்மனைட், அதோடு ரூட்டைல், சேர்கோன். இலங்கைத் தீவின் உள்ளே இருக்கிற பழைய பாறைகள் மழையிலும் வெயிலிலும் உதிர்ந்து, ஆறுகள் இழுத்துவந்து கடலில் போட்டவை. லேசான மணலை அலை அள்ளிக்கொண்டு போகும், பாரமானது கரையில் தங்கும். அரிசியைச் சுளகில் போட்டுப் புடைக்கிற வேலையைத்தான் இந்தக் கடல் செய்துகொண்டிருக்கிறது. 1957இல் இதற்கென்று அரசாங்கம் கூட்டுத்தாபனம் அமைத்தது. எங்கள் ஊரில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது அந்தச் சம்பளத்தில். உலகத்தில் சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்ற்றுக்கு வெள்ளையைக் கொடுப்பது இந்தக் கறுப்பு மணலிலிருந்து எடுக்கிற தைத்தேனியம்தான். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகளின் கண் விரியும். இன்றைக்கு என் மகனுக்கும் விரிந்தது.

"இது மலையிலயிருந்து வந்த மணல். ஞாபகம் வச்சிக்கோ. இன்னொரு மணல் காட்டுவன்" என்று மட்டும் சொன்னேன்.

படகு ஆழத்துக்கு வந்து கரை சிறுத்தபோது பேச்சு நின்றுவிட்டது. 2009இல், போரின் கடைசி மாதங்களில், புதுமாத்தளனிலிருந்து காயப்பட்ட சனங்களை ஏற்றிக்கொண்டு செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் வந்தது இந்தத் தண்ணீரில்தான். இந்திய வைத்தியர்கள் புல்மோட்டையில் கள ஆஸ்பத்திரி போட்டிருந்தார்கள். கையில்லாத பிள்ளைகள், பிள்ளையில்லாத தாய்மார். அதற்கு ஏறக்குறைய நாலு வருடம் முன்பு, 2004 டிசம்பர் 26இல், இதே கடல் எழும்பி எங்கள் ஊருக்குள் வந்திருந்தது. இந்தக் கடலைச் சும்மா அழகென்று பார்க்க எங்கள் வயதுக்காரர்களால் முடியாது. மகன் அப்போது சின்னவன். ஒன்றும் கேட்கவில்லை, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

யான் ஓயா கடலில் விழும் இடத்தில் தண்ணீர் இரண்டு நிறமாக ஓடியது. புடவைக்கட்டு, அதற்கு உள்ளே திரியாய். என் சின்ன வயதில் திருகோணமலைக்குப் போவதென்றால் பஸ் களப்புக் களப்பாக நின்று, பாதையில் ஏறி, அக்கரை இறங்கி, ஒரு பகல் போய்விடும். பாதை என்று நாங்கள் சொல்வது கயிற்றைப் பிடித்து இழுக்கிற அந்த மிதவையை. போர் முடிந்த பிறகு பாலங்கள் வந்தன. இப்போது வேனில் போகிறவர்கள் களப்பைக் கடந்ததே தெரியாமல் போகிறார்கள்.

குச்சவெளியில் மாணவரின் மச்சானுடைய வாடியில் தங்கியிருக்கிறோம். கிடுகுக் கூரை, மணல் தரை, மூலையில் வலைக் குவியல். இரவைக்குச் சூடைப் பொரியலும் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும்.

வெள்ளி, இறக்கக்கண்டி

குறைந்த தூரம்தான் ஓடினோம். பாதி வழியில் இஞ்சின் திணறி நின்றது. மாணவர் பின்பக்கம் குனிந்து பார்த்து, கத்தியை வாயில் கடித்துக்கொண்டு இறங்கினார். யாரோ அறுத்துவிட்ட தங்கூசி வலைத்துண்டு, ஒரு பாகம் நீளம். அதில் செத்த நண்டு நாலு, பாதி உக்கிய மீன் ஒன்று. சுருட்டிப் படகுக்குள் போட்டுவிட்டுச் சொன்னார்: "கடலுல விட்டா இது ஆளில்லாமலே மீன் பிடிச்சிட்டிருக்கும் சேர். கல்லில போய்ச் சுத்தினா கல்லும் சாகும்."

கல்லும் சாகும். புத்தகம் படிப்பித்த நான் இவ்வளவு சுருக்கமாக ஒரு நாளும் சொன்னதில்லை.

ஜும்மாவுக்குக் கரையேறினோம். பின்னேரம் கச்சான் மணலை வாரி அடித்தது. வேறு எழுத ஒன்றுமில்லை.

சனி, நிலாவெளி

இன்றைக்காகத்தான் நாலு நாள் கேட்டேன்.

காலையில் நிலாவெளிக் கரையில் வனஜீவராசிகள் திணைக்களத்தின் கவுன்டரில் டிக்கெட் எடுத்து, அங்கே ஆள் ஏற்றுகிற படகில் ஏறினோம். மாணவரின் மீன்பிடிப் படகைக் கரையில் விட்டோம், அதுதான் ஒழுங்கு. கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவில் புறாமலை. பெரியது, சிறியது என்று இரண்டு தீவு. பெரிய தீவு சுமார் 200 மீற்றர் நீளம், 100 மீற்றர் அகலம். உச்சி 45 மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. பாறை இடுக்குகளில் மாடப்புறா அடைவதால் அந்தப் பெயர். வெள்ளைக்காரர் காலத்தில் இந்தத் தீவைக் குறிவைத்துப் பீரங்கி சுட்டுப் பழகினார்கள். 1963இல் சரணாலயம் ஆனது, 2003இல் கடலையும் சேர்த்து 471 ஹெக்டேர் தேசியப் பூங்கா ஆனது.

"மலை கறுப்புப் பாறையா இருக்கே வாப்பா, சுண்ணாம்புக்கல்லு எங்க?" என்றான் மகன்.

"காலுக்குக் கீழ பாரு."

கரை முழுக்க முருகைக்கல் துண்டுகள். விரல் மாதிரி, கொம்பு மாதிரி, எலும்பு மாதிரி. அலை இறங்கும்போது ஆயிரம் கிண்ணங்களை ஒன்றாக உருட்டினதுபோல் கலகலத்தது. ஒன்றை எடுத்துக் கண்ணருகே பிடிக்கச் சொன்னேன். ஊசி முனையளவு ஓட்டைகள், ஒவ்வோர் ஓட்டைக்குள்ளும் சக்கரத்துக் கம்பிகள் மாதிரிச் சுவர்கள். ஓர் ஓட்டையில் ஒரு பிராணி குடியிருந்தது. கடல் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பை எடுத்துத் தனக்கு வீடு கட்டியது. அது போன பிறகு வீடு கல்லாக நிற்கிறது. பார்த்துவிட்டு அதைத் திரும்ப அதே இடத்தில் வைக்கச் சொன்னேன். ஒரு துண்டும் கொண்டுபோகக் கூடாது.

பிறகு கண்ணாடி மாட்டித் தண்ணீரில் இறங்கினோம். எனக்கு அறுபத்தைந்து வயது, ஆனால் புல்மோட்டைப் பிள்ளைக்கு நீச்சல் மறக்காது. லைஃப் ஜாக்கெட் போட்டு மிதந்தேன். முகத்தைத் தாழ்த்தியதும் மேலே கேட்ட சத்தமெல்லாம் அறுந்தது. மான்கொம்பு மாதிரிக் கிளைவிட்ட முருகைக்கல், மேசை விரித்த மாதிரிப் படர்ந்தது, மூளை மாதிரிச் சுருண்டது. மண்நிறத்தில் இருந்தாலும் ஒவ்வொரு கிளை நுனியிலும் ஊதா, நீலம். அந்த மண்நிறம்தான் அதன் உயிர். பிராணியின் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெயிலைக் கொண்டு சமைக்கிறது அந்தப் பாசி, அதைச் சாப்பிட்டுத்தான் பிராணி வீடு கட்டுகிறது. கிளைவிடுகிற இனம் நல்ல வருடத்தில் பத்து சென்ரிமீற்றர் வளரும். உருண்டையான இனம் வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே பெரிது. ஒரு பானையளவு உருண்டை, என் மகன் பிறக்குமுன்பே கட்டத் தொடங்கிய வீடாக இருக்கலாம்.

மொறுக், மொறுக் என்று ஒரு சத்தம் கேட்டது. மகனின் தோளைத் தொட்டுக் காட்டினேன். கிளிமீன். கிளிச்சொண்டு மாதிரிப் பல்லால் கல்லைக் கடித்துப் பாசியைத் தின்கிறது. தின்ற சுண்ணாம்பை அரைத்துப் பின்னால் வெள்ளை மணலாக விடுகிறது, புகை மாதிரி. வியாழக்கிழமை நான் சொன்ன இன்னொரு மணல் இதுதான். நம் ஊரில் மலை உதிர்ந்த கறுப்பு மணல், இங்கே உயிர் கட்டி, உயிர் அரைத்த வெள்ளை மணல். இரண்டும் ஒரே மாவட்டத்துக் கடற்கரையில், படகில் ஒரு காலைத் தூரத்தில்.

தண்ணீருக்கு மேலே வந்து அவனிடம் சொன்னேன். ஹாலோங்கில் மலையாக நிற்கிற கல், முப்பது கோடி வருடத்துக்கு முன் இளஞ்சூடான கடலுக்கடியில் இப்படிப்பட்ட உயிர்களின் ஓடும் கூடும் சேர்ந்து இறுகியது. நிலம் உயர்ந்து, மழை கரைத்து, கடல் உள்ளே வந்து தீவுகளானது. அங்கே முடிந்துபோன வேலை. இங்கே அந்த வேலை இப்போது, உன் முகத்துக்கு நேரே, நடந்துகொண்டிருக்கிறது. அவன் பதில் சொல்லவில்லை, திரும்பவும் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துவிட்டான். கருஞ்செட்டைச் சுறாக்குட்டி ஒன்று எங்களைச் சட்டை செய்யாமல் கடந்துபோனது.

இதோடு எழுத்தை நிறுத்த ஆசைதான். ஆனால் பார்த்த மற்றதையும் எழுத வேண்டும். பத்து மணிக்குப் பிறகு படகு மேல் படகாக ஆள் வந்தது. நீச்சல் தெரியாதவர்கள் பாவம், களைத்ததும் கால் எட்டுகிற இடத்தில் ஊன்றி நிற்கிறார்கள். அவர்கள் நின்றது மான்கொம்பின் மேல். தண்ணீருக்குள் முகம் வைத்திருந்த எனக்கு அது முறிகிற சத்தம் கேட்டது, காய்ந்த ஈர்க்கு முறிவது மாதிரி. முறிந்த இடம் பளீரென்று வெள்ளை. கூட்டிவந்தவரே ஒருவரைக் கையைப் பிடித்து அதன் மேல் நிற்கவைத்துப் படம் எடுத்தார். "தம்பி, அது உயிருள்ள கல்லு" என்றேன். "எல்லாரும் நிக்கிறதுதானே ஐயா" என்றார். ஒருவர் ஒரு நொடி ஊன்றிய காலில் முறிந்தது, சில வருட வளர்ச்சி.

காலால் மட்டுமில்லை, சூட்டாலும் கல் சாகும். 1998இல் கடல் சூடேறியபோது தெற்கிலும் மேற்கிலும் ஹிக்கடுவை போன்ற இடங்களில் முருகைக்கல் வெளிறிப் பெருவாரியாகச் செத்தது. திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. வழக்கமான கோடை வெப்பத்தைவிட ஒரு பாகை கூடி, அது சில வாரம் நீடித்தால் போதும், பிராணி பாசியை வெளியே தள்ளிவிட்டுப் பட்டினி கிடக்கும். 2024இல் நான்காவது முறையாக உலகம் முழுவதும் அப்படி வெளிறியதாக அறிவித்தார்கள். அந்தச் சூட்டைப் புல்மோட்டைக்காரன் ஒருவன் தணிக்க முடியாது. கால் ஊன்றுவதை நிறுத்தலாம். நங்கூரம் கல்லில் விழாமல் கட்டுமிதவை போடலாம். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைக்கலாம். இவற்றுக்கு வெளிநாட்டுப் பணம் தேவையில்லை, மனம் வேண்டும். அன்று பீரங்கிக்குத் தப்பிய தீவு இது.

ஞாயிறு, மூதூர்

விடியப் புறப்பட்டுக் கோணேசர் மலையைச் சுற்றினோம். கடலிலிருந்து நேரே நிமிர்ந்து நிற்கிற செங்குத்துப் பாறை, மேலே கோயில் மணி. போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்துக் கடலில் தள்ளினார்கள். 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும் இந்தப் பாறையின் அடியில் முக்குளித்து, செதுக்கிய தூண்கள் கிடப்பதைக் கண்டார்கள். கடலுக்கடியில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு மாவட்டம் போதும். மாணவர் இஞ்சினை மெதுவாக்கி, பாறையைத் தாண்டும்வரை பேசாமல் வந்தார். அவருடைய வாப்பா காலத்திலிருந்து அவர்கள் வழக்கம் அது.

கொட்டியாரக் குடாவுக்குள் நுழைந்ததும் கடல் குளம் மாதிரி ஆனது. மகாவலியின் கிளை இங்கேதான் கடலில் விழுகிறது. 1659இல் புயலில் பாய்மரம் முறிந்து ஒதுங்கிய ஆங்கிலக் கப்பலிலிருந்து பிடிபட்ட ரொபேர்ட் நொக்ஸ், இந்தக் கரையிலிருந்து கண்டி நாட்டுக்குள் கொண்டுபோகப்பட்டு, ஏறக்குறைய இருபது வருடம் கழித்துத் தப்பினான். மகனுக்கு அந்தக் கதை தெரிந்திருந்தது. நான்தான் சொல்லியிருக்கிறேனாம்.

மூதூரில் இடியப்பமும் மீன் ஆணமும் சாப்பிட்டோம். மாணவர் நாளைக் காலை தனியே படகை ஊருக்கு ஓட்டிப்போகிறார். நாங்கள் பஸ்ஸில் போகிறோம். படகிலிருந்து இறங்கும்போது வெள்ளிக்கிழமை எடுத்த வலைத்துண்டை மகன் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். கரையில் எங்கே போட்டாலும் திரும்பக் கடலுக்குத்தான் போகும் என்று, புல்மோட்டைக்கே கொண்டுபோகிறான்.

இதை வாசிக்கும் நீங்களும் ஒரு நாள் புறாமலைக்கு வரக்கூடும். வாருங்கள், எங்கள் கடல் உங்களுக்கும் உரியது. நீச்சல் தெரியாவிட்டால் லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போட்டு, மணல் உள்ள இடத்தில் இறங்கி, மிதந்தே பாருங்கள். களைத்தால் படகைக் கூப்பிடுங்கள். கல்லில் மட்டும் காலை ஊன்றாதீர்கள்.