பங்குனி ஆமை

தென்துருவத்தை அடுத்த பனிக்கடல்களில் சீல் என்னும் கடல்நாய் வாழ்கின்றது. நீரில் இரைதேடினும் காற்றைச் சுவாசித்தே உயிர்வாழ்வது. குட்டியீனுதற்குப் பனிப்பரப்பையோ கரையையோ நாடி வருவது. அவ்வாறு வரும் பருவமே அதனை எண்ணுவார்க்கு வாய்க்கும் பருவமாம். வெடல் சீல்கள் வெண்பனியின்மேற் கரும்புள்ளிகளாய்க் கிடத்தலின், செயற்கைக்கோள் எடுத்த படங்களைக் கொண்டே அவற்றைக் கணக்கிடுகின்றனர். யானைச் சீலின் தலைமயிரில் ஒரு சிறு கருவியை ஒட்டிவிடின், அஃது எங்கெங்குச் சென்றது, எத்துணை ஆழம் மூழ்கியது, ஆங்குள்ள நீரின் வெப்பமும் உப்பும் எவ்வளவு என்பனவெல்லாம் கரையிலிருப்போர்க்குத் தெரியவரும். ஆண்டுக்கொருமுறை மயிர் உதிருங்கால் கருவியும் தானே கழன்றுவிடும். இவற்றைப் படித்தபோது எமக்கு வியப்பினும் பொறாமையே மிகுந்தது. நம் கடற்கரைக்கு ஆண்டுதோறும் வரும் விருந்தினரை எண்ணுதற்கு அத்துணை எளிய வழி நமக்கு இல்லை.

அவ்விருந்தினர் பங்குனி ஆமைகள். 'ஆலிவ் ரிட்லி' என்னும் ஆங்கிலப் பெயர் அதன் ஓட்டின் நிறத்தைச் சொல்லும். தமிழ்ப் பெயரோ அது வரும் காலத்தைச் சொல்லும். பெயரிட்டவர் பரதவரே என்பதில் எமக்கு ஐயமில்லை. தை பிறந்தது முதல் பங்குனி கழியும் வரை, இரவில் பெண் ஆமை கரையேறிப் பின்துடுப்புகளால் குழிதோண்டி, நூறளவு முட்டையிட்டு, மணலை மூடித் தன் உடலால் தட்டிச் சமன்செய்து, ஒரு மணி நேரத்திற்குள் கடலுக்கு மீளும். ஏறக்குறைய 50 நாளில் குஞ்சுகள் வெளிப்படும். அவை ஆணாவதும் பெண்ணாவதும் மணலின் வெம்மையைப் பொறுத்தது. வெம்மை மிகின் பெண்ணே மிகும்.

தாம் வரவேண்டிய காலத்தை அறிந்த பறவைகளைச் சுட்டி எரேமியா தீர்க்கதரிசி தம் மக்களை இடித்துரைத்தார். பழைய ஆங்கில வேதாகமத்தில் அப்பறவைகளுள் ஒன்று 'டர்ட்டில்' எனப்படுதலைக் கண்டு ஆமையென மயங்குவாரும் உளர். அது காட்டுப்புறா. ஆயினும் அம்மயக்கத்தால் பொருள் பழுதுபடாது!

தமிழ் பயில்வார் மறவாத சான்று ஒன்றுண்டு. அகநானூற்றின் 160-ஆம் பாட்டில் குமுழிஞாழலார் நப்பசலையார், சூல்கொண்ட ஆமை அடும்பு படர்ந்த மணலில் முட்டையிட்டு மறைத்தலையும், முட்டையின் வட்ட வடிவையும், அதன் புலால் நாற்றத்தையும் கூறுகின்றார். அத்தனையும் கண்ணாற் கண்டார் கூற்று. குஞ்சு வெளிப்படுமளவும் ஆண் ஆமை காத்துநிற்கும் என்பது மட்டும் இன்றைய ஆராய்ச்சியோடு ஒவ்வாது. ஏனெனில், குஞ்சாகக் கடல்புக்க ஆண் மீண்டும் கரையேறுவதில்லை. புலவரைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. ஆணைக் கரையிற் காணுதல் அரிது என்பதே எண்ணுவார்க்கு இன்றும் உள்ள இடர்ப்பாடு. பெண்ணையும் அவ்வொரு மணி நேரத்தில் மட்டுமே காணலாம். எனவே, எண்ண விரும்புவோர் இரவெல்லாம் நடத்தல் வேண்டும்.

அங்ஙனம் நடந்தவர் நம் நகரிலேயே இருந்தனர். 1970-களின் முற்பகுதியிலேயே சென்னைப் பாம்புப் பண்ணையைச் சார்ந்த இளைஞர் சிலர் இக்கரையில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காத்தனர். அக்குழுவினருள் ஒருவரான சதீஷ் பாஸ்கர் பின்னர் இந்தியக் கடற்கரையில் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் கால்நடையாகவே சென்று ஆமைகளை ஆராய்ந்தார். 1982-இல் ஆளில்லாத சுகேலித் தீவில் மழைக்காலம் முழுவதும் தனித்திருந்தவர் அவர். 1988-இல் மாணவர்கள் தாமே கூடி ஒரு கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினர். நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை அவர்கள் நடக்கும் நடை பல்லாண்டு தொடர்ந்து வருகின்றது.

நீலாங்கரையும் பெசன்ட் நகரும் தென்சென்னை. வடசென்னையின் நிலை வேறு. நம் கரையோரம் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும் இயல்பினது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின், அம்மணல் தெற்கே தங்கி மெரினாவை அகலச் செய்தது. வடக்கே இராயபுரம் தொடங்கிக் கரை அரிப்புண்டது. அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டினர். கல்லின்மேல் ஆமை முட்டையிடாது. மெரினாவின் அழகைப் புகழ்வோர், அவ்வழகு எவர் கரையிலிருந்து வந்ததென எண்ணிப் பார்ப்பதில்லை. 2017 ஜனவரி 28-இல் எண்ணூர்க் கடலில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் பரவியதும், ஆமை கரைநாடும் இப்பருவத்திலேயே.

ஆகவே இப்பக்கத்தில் ஆமை பெரும்பாலும் இறந்தபின்னரே கணக்கில் ஏறுகின்றது. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கின; பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. அவ்வெண்ணும் முழுமையன்று. இறந்த ஆமை முதலில் மூழ்கும். உடல் அழுகிக் காற்று நிறைந்தபின் மிதக்கும். காற்றும் நீரோட்டமும் கரைநோக்கி இருந்தாலன்றி ஒதுங்காது.

தை மாதத்தில் ஒருநாள் முகத்துவாரக்குப்பத்தில், கொசத்தலையாறு கடலோடு கலக்குமிடத்தருகே, அவ்வாறு ஒதுங்கிய ஓர் ஆமையைக் கண்டோம். கண்கள் பிதுங்கிக் கழுத்து வீங்கியிருந்தது. அருகே வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர், "தம்பி, ஆமை மூச்சு வாங்க மேலே வரணும். இழுவலை மணிக்கணக்கா அடியில ஓடினா அது எப்படி வரும்?" என்றார். சற்றுநேரம் சென்று, "எங்க வலையிலயும் மாட்டும். உயிரோட இருந்தா வலையை அறுத்து விட்டுருவோம். அறுந்த வலைக்கு யாரு காசு தருவா?" என்றும் வினவினார். முதல் வினாவிற்கு விடை எமக்குத் தெரியும். இரண்டாவதற்கு யாம் விடை கூறவில்லை. மகாராஷ்டிரத்தில் அவ்வாறு வலையறுத்து விடுவிப்போர்க்கு 25,000 ரூபாய் வரை ஈடு தரும் திட்டம் 2018-இல் வந்ததென்பதைப் பின்னரே படித்தறிந்தோம்.

கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடித்தல் தமிழ்நாட்டில் விலக்கப்பட்டுள்ளது. ஆமைகள் திரள்வதும் பெரும்பாலும் அவ்வெல்லைக்குள்ளேதான். மீன்வளத்தின் பொருட்டு ஆண்டுதோறும் 61 நாள் தடைக்காலமும் உண்டு. அஃது ஏப்ரல் 15-இல், அஃதாவது சித்திரை பிறந்து ஓரிரு நாளில், தொடங்குகின்றது. பங்குனி ஆமை வந்து போன பின்னரே கடல் ஓய்வு பெறுகின்றது! தடைக்காலத்தை நீட்டுக எனல் எளிது; அந்நாள்களில் காசிமேட்டில் அடுப்பெரிவது எங்ஙனம் என்பதையும் உடன் சொல்லவேண்டும். ஆமையின் பருவத்தில் 5 மைல் எல்லையையேனும் இரவும் பகலும் காத்தல் அத்துணை அரிதன்று என்பது எம் எண்ணம்.

2021-இல் ஒடிசாவில் துடுப்பில் உலோகப் பட்டயம் பூட்டப்பட்ட ஆமையொன்று, 2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் குகாகர்க் கரையில் முட்டையிட்டது. கீழைக்கடலினின்று மேலைக்கடலுக்கு அது சென்ற வழியை எவரும் கண்டிலர்; பட்டயத்தின் எண்ணைப் படித்தவர் இருந்தமையாலேயே செய்தி தெரிந்தது. எம் வகுப்பினர் ஐவர் வரும் தை முதல் தாழங்குப்பத்திலிருந்து முகத்துவாரம் வரை, வனத்துறையாரின் இசைவு பெற்று, வாரத்தில் இரண்டு இரவு நடக்க இசைந்துள்ளனர். குறிப்பேடு வாங்கியாயிற்று. அதில் சுவடு, முட்டை, உயிரற்றது என மூன்று கட்டங்கள் வரைந்துள்ளோம். உடன்வர விரும்புவோர் தமிழ்த்துறையில் பெயர் கொடுக்கலாம்.