ஊதுகுழல்

போன வாரம் நான் போட்ட செப்புக் கழுத்தணிப் படத்தைப் பார்த்து, "எந்தக் கடை டீச்சர்?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். கடையில்லை. இந்திரா நகர் வீட்டில் நானே செய்தது. எகிப்தியர் தோள்வரை பரப்பி அணிந்த அகலப் பட்டையைப் பார்த்துச் செய்தேன். கம்பி, மோட்டார் காயில் கட்டும் கடையில் எடைக்கு வாங்கிய பழைய செம்பு.

சொல்லிக் கொடுத்தவனைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில் எகிப்து நடத்தும்போது ஒரு படம் காட்டுவேன். சக்காராவில் மெரெருகா என்ற அமைச்சரின் கல்லறைச் சுவர், சுமார் 4,300 ஆண்டு பழையது. நீளக் குழல்களை வாயில் வைத்து உலையை ஊதுகிறார்கள், பொன் உருக. ஒரு வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "எங்கப்பாவும் இப்படித்தான் ஊதுவார் டீச்சர்" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "நீயும் ஊதிக்கிட்டே இருக்கப் போறியா? படி" என்றேன். அந்த வருடத்தோடு நின்றுவிட்டான். வீட்டில் கஷ்டம் என்றார்கள். அதற்குமேல் விசாரிக்க எனக்குத் தைரியமில்லை.

ஓய்வு பெற்றபின், உடைந்த தோட்டை எடுத்துக்கொண்டு மந்தாரக்குப்பத்தில் ஒரு பட்டறைக்குப் போனேன். "உக்காருங்க டீச்சர்" என்றான்.

செம்பை அடிக்க அடிக்க இறுகும், அப்படியே வளைத்தால் விரியும். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகிவிடும். எஃகுக்கு நேர்மாறு. இதெல்லாம் இரண்டு நாளில் பிடிபட்டது. ஊதுவதுதான் வரவில்லை. வெங்காரம் தடவி, பொடி வைத்து, மூச்சு அறாமல் ஊத வேண்டும். கன்னத்தில் காற்றை நிறுத்திக்கொண்டு மூக்கால் இழுக்க வேண்டுமாம். எனக்கு இருமல்தான் வந்தது. (பொடி வைத்துப் பேசுவது என்கிறோமே, அது இந்தப் பொடிதான் என்கிறான் அவன்.)

ஒருநாள் அந்த வகுப்பைப் பற்றிச் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன். "ஞாபகம் இருக்கு டீச்சர்" என்றான், தலை நிமிராமல். மறுநாள் அந்தப் படத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தான்.

"நம்ம குழல் முனையில வளைஞ்சிருக்கும். இவங்களது நேரா, நீளமா இருக்கு. பெரிய உலை, முகத்துல அனல் அடிக்கும்ல."

இருபத்தைந்து வருடம் அந்தப் படத்தை நடத்தியிருக்கிறேன். இது எனக்குத் தோன்றியதில்லை.

அவன் பெயரைப் போட வேண்டாம் என்றான். செயின் கொக்கி அறுந்தால் இன்பாக்ஸில் கேளுங்கள், வழி சொல்கிறேன்.