மைக் இல்லாத உரைநடை

கட்டுரைக்கெல்லாமா பரிசு என்று இழுப்பவர்களுக்கு ஒரு தகவல். சாகித்திய அகாதெமி 1955இல் தமிழுக்குக் கொடுத்த முதல் விருதை வாங்கியதே கட்டுரை நூல்தான்: ரா. பி. சேதுப்பிள்ளையின் ‘தமிழின்பம்’. நாகர்கோவிலில் நெய்தல் அமைப்பு எழுத்தாளர் சுந்தர ராமசாமி (சு.ரா.) நினைவாகத் தரும் விருது இளம் படைப்பாளிகளுக்கானது. இருக்கட்டும். அவர் நினைவாகக் கட்டுரைக்கென்றே ஒரு பரிசு வைப்பதானால் அஞ்சலிக் கட்டுரைக்கு வையுங்கள் என்பேன்.

பூதப்பாண்டிக்காரரான கம்யூனிஸ்ட் தலைவர் ப. ஜீவானந்தம் 1963இல் மறைந்தபோது சு.ரா. எழுதிய அஞ்சலிதான் ‘காற்றில் கலந்த பேரோசை’. ஜீவா மேடையில் முழங்கியவர். சேதுப்பிள்ளையின் உரைநடையும் மேடை கண்டதுதான். எதுகையும் மோனையும் கைதட்டலுக்கு இடம்விட்டு நிற்கும். சு.ரா.வோ அந்த முழக்கத்தைக் கடன் வாங்காமல், ஜீவா எப்படிப் பேசினார் என்பதைப் பக்கத்தில் நின்று கவனித்து எழுதினார். பல ஆண்டுகள் கழித்து ‘நினைவோடை’ வரிசையில் அதே ஜீவாவிடம் திரும்பி வந்தார். அது வாயால் சொல்லிப் பதிவானது. நண்பரிடம் பேசுகிற குரல்.

எங்கள் பக்கம் யாராவது தவறிவிட்டால் சிறுபத்திரிகை நண்பர்கள் என்னிடம் இரண்டு பக்கம் கேட்பதுண்டு. ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’, ‘எளிமையின் உருவம்’ எல்லாம் முதலில் தானாக வரும். தடுக்க மாட்டேன். எழுதித் தீர்த்துவிட்டு அடித்துவிடுவேன். அதற்குப் பிறகுதான் ஆள் தெரிய ஆரம்பிப்பார். ஒரு வைத்தியர் இருந்தார். படிப்புரையில் உட்கார்ந்து பொடியைத் தாளில் மடித்துக் கட்டும்போது, வந்தவரின் செருப்பை ஓரக்கண்ணால் பார்ப்பார். தேய்ந்த செருப்பென்றால், “காசு பிறகு பாக்கலாம், போ” என்று அதட்டுவார். இரக்கமும் கணக்கும் முன்கோபமும் அந்த ஒரு பார்வையிலேயே இருந்தன. இரக்கத்தை மட்டும் பிரித்தெடுத்து எழுதினால் அது அவரல்ல, காலண்டர் படம். முன்கோபத்தை எடுத்துவிடும்படி வீட்டார் கேட்பார்கள். அங்கே இடம் கொடுக்கக் கூடாது.

பரிசுக்கான நடுவர்கள் இறந்தவரின் பெயரை மறைத்துவிட்டுப் படிக்கட்டும். இன்னொருவருக்கும் பொருந்துகிற கட்டுரையை அப்படியே தள்ளிவிடலாம். தொகை பெரிதாக வேண்டாம். தேறிய கட்டுரைகளைப் புத்தகமாக்கி மாவட்டத்தின் கிளை நூலகங்களில் வைத்தால் போதும். விழாவில் வாழ்த்துரை மட்டும் ஆளுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது.