கத்தி வைக்காத வைத்தியம்

மண்ணீரல்னு ஒண்ணு இருக்கறதே ஸ்கூல் பயாலஜிக்கு அப்புறம் எனக்கு மறந்துபோச்சுங்க. போன மாசம் அக்கா பையன் சைக்கிள்லேர்ந்து விழுந்ததுல ஹேண்டில்பார் வயித்துல குத்தி, மண்ணீரல் கிழிஞ்சு, உள்ளே ரத்தக்கசிவு. "ஆபரேஷன் வேணாம், கவனிச்சுப் பாக்கலாம்"னுட்டார் டாக்டர். "ரத்தம் கசியுது, சும்மா பாத்துட்டு இருக்கறதா?"ன்னு மாமா ஒரே சத்தம். எனக்கும் வயித்தைக் கலக்கிச்சு. உக்காந்து படிச்சேன்.

முன்னல்லாம் கிழிஞ்சா வெட்டி எடுத்துடுவாங்களாம். மண்ணீரலை எடுத்த குழந்தைகளுக்கு உயிரையே பறிக்கற கிருமித்தொற்று வருதுன்னு 1952-ல கிங், ஷூமாக்கர்னு ரெண்டு பேர் எழுதினாங்க. 1968-ல உபாத்யாயாவும் (நம்ம டெல்லி எய்ம்ஸ்காரர்!) சிம்ப்ஸனும் டொராண்டோ குழந்தைகளை வெச்சு, கத்தி வைக்காமலே ஆறும்னு எழுதினாங்க.

2000-ல அமெரிக்கக் குழந்தை அறுவை சிகிச்சைச் சங்கம் ஒரு கணக்கு குடுத்துச்சு. கிரேடோட ஒண்ணு கூட்டினா ஆஸ்பத்திரி நாள், ரெண்டு கூட்டினா விளையாடக்கூடாத வாரம். கிரேடு 3னா 4 நாள், 5 வாரம். ஒரே வரி கோடு!

இப்போ ஆஸ்பத்திரி நாளுக்கு கிரேடை விட நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும்தான் முக்கியம்ங்கறாங்க. ரத்தம் ஏத்தியும் பிரஷர் நிக்கலேன்னா தியேட்டர்தான். நர்ஸ் திரும்பத் திரும்ப வந்து பிரஷர் பாத்தது இதுக்குத்தான்னு சொன்னப்புறம்தான் மாமா அடங்கினார்.

ஆனா இதுக்கு ரத்தம், தியேட்டர், நடுராத்திரியும் வர்ற சர்ஜன், மூணும் ரெடியா இருக்கணும். இல்லாத ஊர்ல தாமதிக்காம பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடணும்.